நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டக் கொடுப்பவர்களுக்கு: நாங்கள் கொடுத்த பட்டறை எப்படி?

நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஸ் பாடிக்குக் கரூர், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரி பாடிக்கு நாமக்கல் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளிமாநிலத்திலிருந்துகூட சேசிஸ், அதாவது பாடி கட்டாத வெறும் வண்டி, வந்து இங்கே வரிசையில் நிற்கும். பட்டறைகளுக்குக் குறைவில்லை. அதில் எது நல்ல பட்டறை என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். நாங்கள் 1994-இல் ஒரு வண்டிக்கும், இந்த வருடம் இன்னொரு வண்டிக்கும் ஒரே பட்டறையில் பாடி கட்டியிருக்கிறோம். முதல் வண்டி என் வீட்டுக்காரர் வாங்கி ஓட்டியது. இரண்டாவது என் மகன் எடுத்தது. என் வீட்டுக்காரர் போன வருடம் தை மாதம் தவறிவிட்டார். பட்டறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவரைப் பற்றி எழுதாமல் முடியாது. முதல் வண்டிக்கு அவர்கள் கட்டிய கேபின் நல்ல கேபின் என்பதற்கு அவர் அதில் வாழ்ந்த வாழ்க்கைதான் சாட்சி.

பட்டறையின் பெயரைப் போட வேண்டாம் என்று இப்போது நடத்துகிற தம்பி கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே உள்ள வேலைக்கே ஆள் போதவில்லையாம். அதனால் பெயர் இல்லாமலேயே சொல்கிறேன். அங்கே என்ன செய்தார்கள் என்று தெரிந்தால், நீங்கள் போகிற பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் பதினாறு வயதில் கிளீனராக லாரி ஏறியவர். ஹெவி லைசென்ஸ் எடுத்தபின் பல வருடம் அடுத்தவர் வண்டிதான். 1994-இல் என் நகை, அவர் சேர்த்த பணம், மீதிக்கு ஃபைனான்ஸ் என்று போட்டு ஒரு லேலண்ட் ஆறு சக்கர வண்டி எடுத்தார். அந்தக் காலத்தில் கம்பெனி கேபினோடு வருகிற வண்டி குறைவு. எங்களுக்கு ஓசூரிலிருந்து வெறும் சேசிஸ்தான் வந்தது, கேபினையும் பட்டறையில்தான் கட்ட வேண்டும். முன்னால் என்ஜினும் முகப்பும், பின்னால் நீட்டமாக இரண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். மேலே கூரை இல்லை, பக்கத்தில் கதவு இல்லை. கட்டி வைத்த ஒரு பலகை மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி, தோப்பூர் கணவாய் இறங்கி, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்தார். நேராகப் பட்டறைக்குப் போகாமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் புழுதி, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "வா, வந்து பாரு, நம்ம வண்டி" என்றார்.

மறுநாள் பட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லாரிப் பட்டறைக்கு வீட்டுப் பெண்களை யாரும் கூட்டிப் போவதில்லை. பெரிய ஆசாரி என்னைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அப்புறம் அவர் கேட்ட கேள்விகளை வைத்துத்தான் அந்தப் பட்டறையை நான் இன்றும் மதிக்கிறேன். எந்த லைன் ஓட்டுவீர்கள், என்ன லோடு, ராத்திரி எங்கே படுப்பீர்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அடுத்தவர் வண்டி ஓட்டிய காலத்தில் இவரை யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை. முதலாளி வந்து பாடி நீளத்தைச் சொல்லிவிட்டுப் போவார், டிரைவர் கிடைத்த இடத்தில் முடங்கிக்கொள்வார்.

கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு படுக்கைப் பலகை இருக்கும். நீளம் பிரச்சினை இல்லை, வண்டியின் அகலம் முழுவதும் கிடைத்துவிடும். பலகையின் அகலத்தில்தான் கஞ்சத்தனம் காட்டுவார்கள். ஒன்றரை அடி வைத்து முடித்துவிடுவார்கள். கேபினுக்கு முக்கால் அடி கூட்டினால் லோடு ஏற்றுகிற பாடியில் முக்கால் அடி குறையும், அதுதான் காரணம். என் வீட்டுக்காரர் இரண்டேகால் அடி கேட்டார். "ஜவ்வரிசி லோடுங்க. மூட்டை 90 கிலோ. பாடி நிறையறதுக்கு முன்னாடியே எடை நிறைஞ்சிரும். நீளத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். ஆசாரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்தார். தரையில் பழைய தினத்தந்தியை விரித்து அவரைப் படுக்கச் சொல்லி, முழங்கால் மடக்கியபோது எவ்வளவு இடம் போகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். பலகை அந்தக் கோட்டின்படிதான் வந்தது.

அந்தக் கால லேலண்டில் என்ஜின் பாதி கேபினுக்குள் இருக்கும். சித்திரை வைகாசியில் டிரைவரின் இடது கால் வெந்து போகும். என்ஜின் மூடிக்கு மேல் தடிமனாக ஃபெல்ட் வைத்து, அதற்கு மேல் ரெக்சின் தைத்துக் கொடுத்தார்கள். சூடு முழுக்க நிற்கவில்லை, ஆனால் கால் தாங்கியது. கூரையில் தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவில் இடைவெளி விட்டார்கள். ஒரே கேபினில் பன்னிரண்டு கோடைகளுக்கு மேல் அவர் கடந்ததில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கேபினைப் பட்டறையில் கட்டிய காலத்தில் பெயிண்டைப் பார்க்கக் கூடாது, கூரையைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

கிளீனர் பக்க சீட்டை வழக்கத்தைவிட அகலமாகவும், முதுகு சாய்கிற மாதிரியும் செய்யச் சொன்னார். "கிளீனருக்கு இவ்வளவு வசதியா?" என்று ஆசாரி கேட்டதற்கு, "கிளீனருக்கு இல்லீங்க, இவங்களுக்கு" என்று என்னைக் காட்டினார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

சொன்ன மாதிரியே கூட்டிக்கொண்டும் போனார். பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேவுக்குப் போவோம். பெங்களூர் தாண்டினால் தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம் என்று ஊர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவார். அப்போது நாலு வழிச் சாலையெல்லாம் இல்லை, எதிரே வண்டி வந்தால் மண்ணில் இறங்கித்தான் ஏற வேண்டும். கோலாப்பூரில் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு மகாலட்சுமி கோவிலுக்குக் கூட்டிப் போனார். ஜவ்வரிசியை நாம் பாயசத்துக்கும் வடாமுக்கும்தான் வைத்திருக்கிறோம், நம் பக்கத்து மரவள்ளியிலிருந்து எடுக்கிற ஜவ்வரிசியை மகாராஷ்டிராவில் விரத நாளில் கிச்சடியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். புனேயில் சரக்கு இறக்குகிற இடத்தில் ஒரு வீட்டுக்கார அம்மா வறுத்த கடலைப் பொடியும் உருளைக்கிழங்கும் போட்டுச் செய்து கொடுத்தார்கள். திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றுவோம். சதாராவுக்குப் பக்கத்தில் கம்பாட்கி மலையில் ராத்திரி இறங்கும்போது நான் பயந்து கண்ணை மூடிக்கொள்வேன். "இதுக்குப் பயந்தா நம்ம தோப்பூர்ல என்ன பண்ணுவ? கியரைப் போட்டு எறக்குனா எந்த மலையும் ஒண்ணும் செய்யாது" என்பார். டீசல் மிச்சம் பண்ணுகிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு கோபம் வரும். தோப்பூரில் விழுந்து கிடந்த வண்டிகளில் அவருக்குத் தெரிந்தவர்களின் வண்டிகளும் உண்டு.

இடது கதவின் உள்பக்கம் ஒரு சின்ன எழுத்து வேலை இருந்தது. எங்கள் தெருவில் போன் இருந்த வீட்டின் நம்பர், அதன் கீழே "ஏதாவது ஆனால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்" என்று தமிழிலும் கன்னடத்திலும் மராட்டியிலும். மற்ற மொழிகளைத் தெரிந்தவர்களிடம் தாளில் எழுதி வாங்கி வந்து கொடுத்தார். பெயிண்டர் அந்த மொழிகள் தெரியாமலேயே வளைவு வளைவாகப் பார்த்து எழுதினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் அந்த எண்ணுக்கு அப்படி ஒரு போன் வரவே இல்லை. அவர்தான் கூப்பிடுவார். ராத்திரி நேரமானால் எஸ்.டி.டி. கட்டணம் குறையும், அதுவரைக்கும் பூத் வாசலில் உட்கார்ந்திருந்து கூப்பிடுவார். நான் அந்த வீட்டுத் திண்ணையில் காத்திருப்பேன். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா, பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா, மழை உண்டா, அவ்வளவுதான்.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்குப் பெரிய காரணம் 2001-இல் நடந்தது. எனக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் கை விரல்கள் மடங்காது, முழங்கால் வீங்கிக் கிடக்கும். லாரியில் ஏறுவதை விடுங்கள், வீட்டுப் படி ஏறுவதே பாடு. இனிமேல் வண்டியில் வருவது அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். "இவங்க ஏறணும். என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

பெரிய ஆசாரி அப்போது வயதாகி உட்கார்ந்திருந்தார். டிங்கர் வேலை பார்த்தவரைக் கூப்பிட்டு, செங்கல் எடுத்து வரச் சொன்னார். என் காலுக்கு முன்னால் ஒரு செங்கல் வைத்து, "ஏறுங்க அம்மணி" என்றார். ஏறினேன். இரண்டு வைத்தார், ஏறினேன். மூன்று வைத்தபோது முழங்கால் வலித்து நின்றுவிட்டேன். ஒன்றை எடுத்துவிட்டு, அந்த உயரத்தை டேப்பில் அளந்து சுவரில் எழுதிக்கொண்டார். அந்த இடைவெளியில் இடது கதவுக்குக் கீழே படிகள் வைத்தார்கள். கடைசிப் படி மடக்குகிற மாதிரி, ஓடும்போது ரோட்டில் இடிக்காமல் மேலே தூக்கிக் கொக்கி போடுகிற மாதிரி. கைப்பிடிதான் இன்னும் அருமை. சாதாரணக் கம்பி மெல்லிசாக இருக்கும், என் விரல் மடங்கிப் பிடிக்காது. அதனால் தடிமனான பைப்பை வைத்து, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார்கள். என் தோள் உயரத்துக்கு மேலே கை போகாது என்று அதையும் பார்த்துத்தான் வைத்தார்கள். அதில் பிடித்து ஏறி நான் சீட்டில் உட்கார்ந்தபோது அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் அத்தனை ஆட்கள் இருந்தார்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறைக்கவில்லை.

அந்த நோயோடு நான் இத்தனை வருடம் இருந்ததற்கு மருந்து ஒரு காரணம், அவர் ஒரு காரணம். ட்ரிப் கிளம்புவதற்கு முன்னால் அடுப்படியில் இருக்கிற எல்லா டப்பாவின் மூடியையும் திறந்து, லேசாக வைத்துவிட்டுப் போவார். பருப்பு டப்பா, சர்க்கரை, காபித்தூள், ஊறுகாய் ஜாடி எல்லாம். என் விரலுக்குத் திறக்க வராது என்று. தண்ணீர்க் குடத்தை இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் இருக்கிற நாளில் எனக்குத் தலை பின்னிவிடுவார். தார்ப்பாய்க் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப் போன கை. ஆனால் முடி ஒன்றுகூட இழுபடாது.

2006-இல் வண்டிக்கு 12 வருடம் முடிந்து, வெளிமாநிலம் ஓட்டுவதற்கான நேஷனல் பெர்மிட் போயிற்று. புது வண்டி எடுக்கக் கையில் பணமும் இல்லை, அவருக்கு விருப்பமும் இல்லை. அதே வண்டியில் பெரம்பலூர் பக்கமிருந்து நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஓட்டினார். வருமானம் குறைந்தது, ஆனால் பெரும்பாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார். எங்களுக்கு அதுதான் நல்ல காலம். கடைசியில் கண் பார்வை மங்கியதும், யாரும் சொல்லாமல் அவரே ஓட்டுவதை நிறுத்தி வண்டியை விற்றார். அத்தனை வருடத்தில் படுக்கைப் பலகை ஒரு இடத்தில்கூட விரியவில்லை, கதவு தொங்கவில்லை. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் பெயிண்ட் மட்டும்தான் செலவு வைத்தது.

சரி, இப்போதைய வேலைக்கு வருகிறேன். மகன் எடுத்தது பத்து சக்கர வண்டி, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6-படி வந்தது. கேபின் கம்பெனியிலிருந்தே ஏ.சி.யோடு வந்துவிட்டது. 2025 அக்டோபரிலிருந்து தயாரிக்கிற பெரிய லாரிகளுக்கெல்லாம் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கால் வெந்த ஆளோடு குடும்பம் நடத்திய எனக்குத் தெரியும். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஆக, இப்போது பட்டறைக்கு மிச்சம் இருப்பது லோடு பாடி மட்டும்தான். மரத்துக்குப் பதில் முழுக்க இரும்பு. பெரிய ஆசாரி இல்லை, அவர் பேரன் நடத்துகிறார்.

வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. விட்டுவிட்டுப் புள்ளி வைக்காமல் முழு நீளத்துக்கும் ஓட்டியிருக்கிறார்கள். பிரைமர் அடிப்பதற்கு முன்னால் துருவைத் தேய்த்து எடுத்ததை மகன் நின்று பார்த்தான். பின் கதவுக் கீல்கள் கனமானவை. தார்ப்பாய்க் கொக்கிகளின் முனையை மழுக்கியிருக்கிறார்கள், கயிறும் அறுபடாது, கையும் கிழியாது. பிரதிபலிக்கும் பட்டையைப் பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று சரியாக ஒட்டியிருக்கிறார்கள். பக்கத் தடுப்பும் பின் தடுப்பும் ஒப்புக்கு மாட்டியதாக இல்லை, இரு சக்கர வண்டிக்காரர் யாராவது மோதினால் உள்ளே போகாமல் உண்மையிலேயே தடுக்கிற உயரத்தில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வண்டி வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்துவிட்டார்கள். அதற்குள் ஒரு தவணை கட்டும் தேதியும் வந்துவிட்டது. வேலை முடியவில்லை என்று நாம் போன் செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. எஸ்டிமேட்டில் வயரிங் சேராது என்பதைப் பில் போடும்போதுதான் சொன்னார்கள். தரைத் தகட்டில் சில போல்ட் தலைகள் துருத்திக்கொண்டிருந்தன, மூட்டை இழுத்தால் கிழிந்துவிடும். காட்டியதும் மறுநாளே எடுத்து மட்டமாக்கிக் கொடுத்தார்கள், அதற்குக் காசு கேட்கவில்லை. எழுத்தெல்லாம் இப்போது ஸ்டிக்கர்தான், கையால் எழுதுகிற பெயிண்டர் யாரும் அங்கே இல்லை. பெண்கள் போனால் ஒதுங்க இடம் இல்லை என்பது 1994-இலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். இதை அந்தத் தம்பியிடமே சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மகன் வண்டிக்குச் சம்பள டிரைவர் ஒருவரும் இருக்கிறார். பாடி அளவு பேசப் போன அன்று பேரன் முதலில் கேட்டது, "டிரைவர் அண்ணன் வந்திருக்காரா?" என்றுதான். அவர் வந்தபின்தான் டேப்பை எடுத்தார். டூல்ஸ் பாக்ஸ் எந்தப் பக்கம் வேண்டும், ஸ்டவ்வும் தண்ணீர் கேனும் எங்கே வைப்பீர்கள், தார்ப்பாய் போட ஏறும்போது எந்தக் கால் முதலில் வைப்பீர்கள் என்று கேட்டார். பாடியின் பக்கவாட்டில் ஏணிக் கம்பிகள் அவர் காலுக்கு ஏற்ற இடைவெளியில் வந்திருக்கின்றன. தார்ப்பாய் போடும்போது வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த டிரைவர்களை எனக்குத் தெரியும், அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும், வண்டி ஓட்டப் போகிறவரைக் கையோடு கூட்டிப் போங்கள். எஸ்டிமேட்டில் இரும்பின் எடையையும் தகட்டின் தடிமனையும் எழுதி வாங்குங்கள், வயரிங் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் கொடுத்தால் கண்டிப்பாக இழுக்கும், எல்லோரும் அந்த நாளைக் குறிவைத்துத்தான் வருவார்கள். ஆடியில் புது வண்டி எடுப்பவர்கள் குறைவு, பட்டறையில் கூட்டம் இருக்காது. முடிந்தால் ஆனியிலேயே சேசிஸைக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள், ஆவணிக்குள் ஆற அமரச் செய்து கொடுப்பார்கள்.